நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

2025 அக்டோபர் 12, மாலை. நீலகிரி கூடலூரிலிருந்து ஒரு அப்பா கேட்டது

டீச்சர், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சின்ன வயதிலேயே பாலியல் கல்வி தொடங்கணும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். என் மகள் நாலாம் வகுப்பு. இன்னும் பால் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் போய் இதெல்லாம் எதற்கு? தெரியாததைத் தெரிய வைத்து நாமே கெடுத்த மாதிரி ஆகாதா? சின்னப் பிள்ளைகளோடே இருப்பவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அக்டோபர் 12, இரவு 9.30

தேவைதான். நாலாம் வகுப்பே கொஞ்சம் தாமதம் என்பேன்.

பாலியல் கல்வி என்று காதில் விழுந்ததும் நம் மனது நேரே கல்யாணத்துக்குப் போய்விடுகிறது, சிக்கல் அங்கேதான். ஆரம்பப் பள்ளியில் சொல்வது அதுவல்ல. உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் பெயர், உன் உடம்பு உன்னுடையது, எது நல்ல தொடுதல் எது கெட்ட தொடுதல், எதை ரகசியமாக வைக்கக் கூடாது, யாரிடம் போய்ச் சொல்வது, ஒன்பது பத்து வயதில் உடம்பு மாறத் தொடங்கினால் ஏன் பயப்பட வேண்டாம், கூடப் படிக்கிறவன் டவுசரை இழுப்பது ஏன் விளையாட்டில் சேராது. இவ்வளவுதான். பாப்பா எப்படி வந்தது என்று பிள்ளையே கேட்டால், அந்த வயது தாங்குகிற அளவுக்கு உண்மையைச் சொல்வது, அதுவும் உண்டு.

கெட்டுப் போவார்களா என்ற பயத்துக்கு நான் சொல்வதை விட யுனெஸ்கோவின் வழிகாட்டியைப் பாருங்கள். 2009-ல் வந்தது, 2018-ல் திருத்தினார்கள். அதில் முதல் படியே ஐந்து முதல் எட்டு வயது வரைதான். இப்படிச் சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரமாக அந்தப் பக்கம் போவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளியிலேயே பாலியல் கல்வி கட்டாயம்.

பந்தலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது வருடமாக இருக்கிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

அக்டோபர் 13, இரவு

அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து என் பத்து வயதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1990, ஐந்தாம் வகுப்பு. லைன் வீடு, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்தது. அப்பா அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தாத்தா பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், பாட்டி கடைசி வரை அறையைக் காம்பரா என்றுதான் சொல்வாள்.

ஆடி மழை. பள்ளிக்கூடம் விட்டுத் தேயிலைக்குள் நடந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் பாவாடையில் ரத்தம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் காலில் ரத்தம் வழிந்தால் அதற்கு ஒரே காரணம்தான், அட்டை. நானும் அட்டையைத்தான் தேடினேன். துணியில் முடிந்து வைத்திருக்கும் உப்பை எடுத்துக்கொண்டு கால் விரல் இடுக்கிலிருந்து தேடித் தேடி மேலே வந்தேன். அட்டை இல்லை. உள்ளே போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். அட்டை உடம்புக்குள் போனால் ஆள் பிழைக்காது என்று எங்கள் லைன் பையன்கள் சொல்லியிருந்தார்கள். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்தரை ஆகும். அதுவரை அந்த உப்பு முடிச்சைக் கையில் பிடித்தபடி, சாகப் போகிறேன் என்று அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வந்தாள், பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட ஓடினாள். அப்புறம் மஞ்சள் தண்ணீர், புட்டு, நல்லெண்ணெய், உளுந்தங்களி, மாமன் சீர், பதினாறாம் நாள் லைனே உட்கார்ந்து சாப்பிட்டது. ஊரையே கூட்டிச் சொன்ன சங்கதியை என்னிடம் மட்டும் ஒருவரும் முன்னாலேயே சொல்லி வைக்கவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்தும் பையன்களுக்கு ஒன்பது வயதிலிருந்தும் மாற்றம் தொடங்கலாம். அரசு நாப்கின் தருகிற புதுயுகம் திட்டம் கூட 10 முதல் 19 வயது வரை என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடம்.

அக்டோபர் 13, சற்று நேரம் கழித்து

திருத்தம். இங்கிலாந்தில் பாலியல் கல்வி கட்டாயம் என்று நேற்று எழுதியது தப்பு. 2020 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிகளில் கட்டாயமானது உறவுக் கல்விதான். குடும்பம், நட்பு, மரியாதை, பாதுகாப்பு, இவை அதில் வரும். பாலியல் கல்வியை ஆரம்பப் பள்ளியில் வைப்பதும் வைக்காததும் பள்ளியின் விருப்பம், வைத்தாலும் பெற்றோர் தன் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். உறவுக் கல்வியிலிருந்து விலக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் நான் வகுப்பில் செய்வதும் பெரும்பாலும் உறவுக் கல்விதான். முதலிலேயே அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள்.

அக்டோபர் 16

சேரம்பாடி தம்பி ஒருவர், "தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று சொன்னால் போதாதா அக்கா?" என்று கேட்டிருந்தார்.

போதாது. நம் ஊரில் தெரியாதவர் யார்? போன வருடம் மூன்றாம் வகுப்பில் இதையே கேட்டேன். "உங்களுக்குத் தெரியாத ஆள் யாராவது சொல்லுங்க." நீண்ட நேரம் யோசித்து ஒரு பிள்ளை "கலெக்டர்" என்றது. மற்ற எல்லாரும் மாமாதான், அண்ணாதான், தாத்தாதான். ஜீப் ஓட்டுகிறவர் அண்ணா, கடைக்காரர் மாமா, காவலுக்கு இருப்பவர் தாத்தா. நேற்று வேலைக்கு வந்தவரைக்கூட இன்று சாயங்காலம் சித்தப்பா என்று கூப்பிடுகிற ஊர் இது. அது நம் நல்ல குணம், எனக்கு அதில் குறையே இல்லை, தாயும் தகப்பனும் தோட்டத்தில் இருக்கும்போது அந்த மாமாக்களும் அத்தைகளும்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் "தெரியாதவர்" பாடம் இங்கே ஒரு பிள்ளையையும் காப்பாற்றாது.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், பொறுப்பான இடத்தில் இருப்பவர்கள். அதனால் இப்போது "யார்" என்பதை விட்டுவிட்டேன். ஆள் யாராக இருந்தாலும் என்ன செய்தால் சரியில்லை என்பதைத்தான் சொல்கிறேன். மாமா என்று கூப்பிடலாம், மதிக்கலாம், சொன்ன வேலையைச் செய்யலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவாக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லலாம்.

அக்டோபர் 21

தீபாவளிக்கு வந்த ஒரு குடும்பம். நான்கு வயசுப் பாப்பா, பெரியப்பா மடியில் உட்கார மாட்டேன் என்று அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிகிறது. "பெரியப்பாவுக்கு ஒரு முத்தம் கொடு, அப்பதான் பட்டாசு" என்று வீடே சேர்ந்து சொல்கிறது. அந்தப் பெரியப்பா தங்கமான மனுஷன், எனக்கே தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் பாப்பா கற்றுக்கொண்டது என்ன? தன் உடம்புக்கு ஒரு விலை உண்டு, அது ஒரு பெட்டி மத்தாப்பு. நான் நடுவில் புகுந்து "கைகூப்பி வணக்கம் சொல்லு கண்ணு, போதும்" என்றேன். பாப்பா பளிச்சென்று வெளியே வந்து வணக்கம் சொன்னது. பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே திருப்பி வணக்கம் சொன்னார். யாருக்கும் மரியாதைக் குறைவு வரவில்லை.

அக்டோபர் 25

முதல் நாள் "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது. வகுப்பில் அந்த வார்த்தையை நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

பத்து வயதுத் தடுப்பூசி போட நர்ஸ் வந்திருந்தார். ஒரு பையன் கையை இழுத்துக்கொண்டு "இது கெட்ட தொடுதல், மிஸ்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று அழுதான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது நான் சொல்லிக்கொடுத்தபடியே சரி. வலித்தால் கெட்டது என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். அப்படியென்றால் வலிக்காவிட்டால்? கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் எடுத்த எடுப்பில் வலிக்கும்படி எதுவும் செய்ய மாட்டான். தட்டிக்கொடுப்பான், கிச்சுக்கிச்சு மூட்டுவான், செல்போனில் கேம் விளையாடக் கொடுப்பான். குழந்தைக்கு அது பிடித்தும் போகும். அப்புறம் "எனக்கும் பிடித்ததுதானே, அப்போ தப்பு என் மேல்தானே" என்று அது வாயே திறக்காது.

இப்போது நான் பிடித்துக்கொண்டிருப்பது ரகசியத்தை. அம்மா பிறந்தநாளுக்கு வளையல் வாங்கி ஒளித்து வைப்பது இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரியப் போகிற ரகசியம், அது பரவாயில்லை. "யாரிடமும் எப்போதும் சொல்லாதே, சொன்னால் அம்மாவை அடிப்பார்கள்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்த ரகசியத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் உனக்குத் திட்டு விழாது. இதை ஆறு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்கிறது.

கத்து, ஓடு, சொல் என்று பாட்டாகவே பாட வைப்பதும் உண்டு. பாடட்டும். ஆனால் பயந்த பிள்ளை கத்தாது, உறைந்து போய் நிற்கும். பெரியவர்களே உறைந்து போகிறோம். அப்படி நின்றுவிட்டாலும் உன் மேல் தப்பில்லை, எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும் கேட்பேன் என்ற வரியைச் சேர்க்காமல் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நவம்பர் 2

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2011. மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை. மணி அடித்ததும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், இவள் மட்டும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவாள். "மிஸ், நான் கூட்டட்டா?" பெஞ்சுக்கு அடியில் குனிந்து மூலை முடுக்கெல்லாம் கூட்டுவாள். கூட்டி முடித்து, கரும்பலகையைத் துடைத்து, சாக்பீஸ் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பாள். இரண்டு மாதம் தினமும். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்திப் பாராட்டி ஒரு பென்சில் கொடுத்தேன்.

ஒரு நாள் நான் பூட்டப் போகும்போது சொன்னாள். "மிஸ், வீட்டுக்குப் போனா பக்கத்து வீட்டுத் தாத்தா விளையாடக் கூப்பிடுவாரு. எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்கல." எனக்கு அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பெரியவங்க கூப்பிட்டா போகணும்மா" என்று சொன்னேன். இந்த வாயால்தான்.

பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. மறுநாள் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன், சொன்னாள். அம்மாவை வரவழைத்துச் சொன்னேன். அம்மா அழுதாள், "வெளியே தெரிஞ்சா அவ வாழ்க்கை போயிடும் டீச்சர்" என்றாள். பள்ளியில் என்னை விடப் பெரியவர்களும் குடும்ப விஷயம், விட்டுவிடு என்றார்கள். நான் விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கீழ்நாட்டில் பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பும் தோழிகளும் விட்டுப் போனது அவளுக்கு. அந்த ஆள் அதே லைனில் தாத்தாவாகவே இருந்தார், வேறு பிள்ளைகளுக்கும்.

இரண்டு மாதமாக அவள் விளக்குமாற்றால் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் படிக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாள், ஒரு மணி நேரம் இதற்கு இருந்திருந்தால் அவளுக்குப் பென்சில் கொடுத்திருக்க மாட்டேன்.

நவம்பர் 3

நேற்றைய குறிப்புக்குக் கீழே பலரும் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். அதை விடச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது.

போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 19-ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். 21-ஆம் பிரிவின்படி சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை பார்க்கிறவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. "ஸ்டேஷனுக்கு இழுப்பார்களே" என்று கேட்கிறார்கள். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல், கூடிய வரை பெண் அதிகாரி. பெயர், ஊர், பள்ளி எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. இது அன்றே இருந்து, அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கும் தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் முத்திரை குத்தியிருக்கிறோம். ஆனால் எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடையாது, போனும் அப்பா பையில் இருக்கும். அதனால் எண்ணோடு சேர்த்து மூன்று பெரியவர்கள் பெயரையும் எழுத வைக்கிறேன், அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சத்துணவு ஆயா பெயரைத்தான் நிறையப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அந்த அம்மாவுக்கு இதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 8

என்ன வார்த்தை சொல்வது என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதில்தான் நிறைய நாள் போனது.

முதலில் பாடப் புத்தகச் சொல்லாக இருக்கட்டும் என்று பிறப்புறுப்பு என்றேன். ஒரு பையன் எழுந்து "மிஸ், பிறக்கும்போதே வந்த உறுப்புன்னா கையும் அதுதானே, மூக்கும் அதுதானே?" என்றான். அவன் தமிழில் தப்பே இல்லை. வீடுகளில் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு இருபது பெயர், எங்கள் பக்கம் மலையாளம் பேசுகிற வீடு, பணியர் பழங்குடி வீடு, கன்னடம் கலந்த வீடு எல்லாம் உண்டு. நிறைய வீட்டில் ஷேம் ஷேம். அதாவது அந்த இடத்தின் பெயரே வெட்கம். வெட்கம் என்று பெயர் வைத்துவிட்டு, அங்கே ஏதாவது நடந்தால் வந்து சொல்லு என்றால் அது எப்படிச் சொல்லும்?

இப்போது ஆண்குறி, பெண்குறி, மார்பு, பிட்டம். முதல் நாள் கிளுகிளுவென்று சிரிப்பார்கள், சிரிக்க விட வேண்டும். மூன்றாம் நாள் முழங்கை, முழங்கால் மாதிரி ஆகிவிடும்.

கேள்விப் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன், பெயர் போடாமல் எழுதிப் போடலாம். இந்த வாரம் வந்த சீட்டு: "காட்டெருமைக் கன்னு வயித்துக்குள்ள இருக்கும்போது கொம்பு அம்மாவைக் குத்தாதா?" வகுப்பே பதினைந்து நிமிடம் இதைப் பேசியது. கன்று பிறக்கும்போது கொம்பு இருக்காது, அப்புறம்தான் முளைக்கும் என்றதும் எல்லாருக்கும் அப்படி ஒரு நிம்மதி. தேயிலைக்குள் தினமும் கன்றோடு மேய்வதைப் பார்க்கிற பிள்ளைகள், கேட்கத்தானே செய்வார்கள்.

நவம்பர் 9

இதுவரை எழுதியதைத் திரும்பிப் படித்தால் பெண்பிள்ளைகளைப் பற்றியே இருக்கிறது. அந்த 2007 ஆய்வில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 53 சதவீதம் பையன்கள். நாம் பையனிடம் "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அழக்கூடாதவன் எப்படி வந்து சொல்வான்? ஐந்தாம் வகுப்பு வந்ததும் பெண்பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு மாதவிடாய் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பையன்களை விளையாட அனுப்பிவிட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் ஒரு வாரம் கேலி நடக்கும். போன வருடம் சேர்த்தே உட்கார வைத்தேன். கேலி நின்றுவிட்டது. ஒரு பையன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி ஒரு பெண்ணிடம் "இடுப்புல கட்டிக்கோ" என்று கொடுத்ததை நானே பார்த்தேன்.

நவம்பர் 15

நேற்று குழந்தைகள் தினம். மிட்டாய், பேச்சு, பாட்டு. போக்சோ வந்த தேதியும் அதே நவம்பர் 14 என்று பெற்றோரிடம் சொன்னேன். ஒரு அப்பா எழுந்து, முதல் நாள் இங்கே கூடலூர் சார் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். என் அட்டைக் கதையைச் சொன்னேன். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அறுபது வயதிருக்கும், "எனக்கும் அட்டைன்னுதான் நெனப்பு, நான் சுண்ணாம்பு தடவினேன்" என்றார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்வதை எங்களுக்கும் ஒரு தரம் சொல்லு தாயி, நாங்கதானே சாயங்காலம் வரை வீட்டில் பார்த்துக்கிறோம் என்றார். நாளை ஞாயிறு. மழை இல்லாவிட்டால் மூன்று மணிக்கு லைன் வாசலில். உடம்புப் படம் வரைந்த சார்ட் எடுத்துவிட்டேன். கூடலூர் சார், உங்கள் வீட்டு அம்மாவையும் மகளையும் அழைத்து வருவதாக இருந்தால் இரண்டு மணி பஸ்ஸைப் பிடியுங்கள், அதற்கப்புறம் எங்கள் பக்கம் வண்டி கிடையாது.